பரிமாற்ற மாணவியின் காதல் கதை எழுதப் போகிறீர்களா? திரும்பும் தேதியிலிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டுக்கு ஒரே ஒரு பருவம் (செமஸ்டர்) படிக்கப் போகும் பெண், அங்கே ஒரு பையன், இருவருக்கும் காதல். முதல் நாவல் எழுத உட்காருபவர்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பது புரிகிறது. புது ஊர், இருபது வயது, பக்கத்தில் அப்பா அம்மா இல்லை. இதைவிட வசதியான தொடக்கம் கிடைக்காது. ஆனால் இந்த வகைக் கதைகள் பல மூன்றாம் அத்தியாயத்திலேயே பயணக் கட்டுரையாகிவிடுகின்றன. பனி, கோட்டை, ரயில் ஜன்னல், மறுபடியும் பனி. நாயகி அந்த நாட்டுக்குப் படிக்கப் போனாள் என்பது எழுதுபவருக்கே மறந்துவிடுகிறது.

பரிமாற்ற மாணவி சுற்றுலா போனவள் இல்லை, குடியேறப் போனவளும் இல்லை. விமானம் ஏறும்போதே திரும்பும் நாள் தெரிந்தவள். அதனால் இந்தக் கதைக்குப் பொறாமைக்காரத் தோழி, பணக்கார மாமன் மகன் என்று வில்லன்களைத் தேட வேண்டாம். அந்தத் தேதி போதும். கீழே உள்ள படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன.

விளக்குவதற்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அபிராமி, கோவைக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் படிப்பவள், வயது இருபது. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குக் குளிர்காலப் பருவத்துக்குப் போகிறாள். மத்தேயுஷ், போலந்தின் கிராக்கூவ் நகரத்துப் பையன், வரலாறு படிக்கிறான். அவனும் அங்கே பரிமாற்ற மாணவன்தான். இருவரும் என் கற்பனை. ஊரும் விதிகளும் நிஜம்.

முதல் படி: நாட்காட்டியை எடுங்கள்

கதைச் சுருக்கத்துக்கு முன்பே பருவ அட்டவணையை எழுதிவிடுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன, அப்புறம் தேர்வு. கோடைப் பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது, வகுப்புகள் ஜூலை கடைசி வரை. ஆக, உங்கள் காதலர்கள் தினமும் பார்த்துக்கொள்ளக் கிடைப்பது சுமார் நான்கு மாதம்.

எந்தப் பருவம் என்பதைப் பொறுத்துக் காட்சிகளே மாறிவிடும். கோடை என்றால் நெக்கார் ஆற்றில் நீண்ட கழியால் உந்திச் செல்லும் தட்டையான மரப்படகுகள் உண்டு. மே கடைசியிலோ ஜூனிலோ வரும் ஒரு கிறிஸ்தவத் திருநாளன்று மாணவர்கள் படகுப் போட்டி நடத்துவார்கள். கடைசியாக வரும் அணி காட் மீனின் ஈரல் எண்ணெயைக் குடித்தாக வேண்டும். அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் வேலையும் அவர்கள் தலையில்தான். கோடை நாவலுக்கு இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சி தேவையில்லை.

குளிர்காலம் என்றால் படகுப் போட்டி கிடையாது. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஆனால் காதல் கதைக்கு நான் குளிர்காலத்தையே சொல்வேன், காரணம் கிறிஸ்துமஸ் விடுமுறை. டிசம்பர் 24 மதியத்தோடு கடைகள் அடைபடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பகிர்ந்து தங்கும் வீட்டில் அபிராமி மட்டும் மிஞ்சுகிறாள். மத்தேயுஷுக்கு ரயிலோ பேருந்தோ இருக்கிறது, அவளுக்கு இல்லை. போலந்துக் குடும்பங்களில் டிசம்பர் 24 இரவு விருந்தின்போது மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது வழக்கம், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக. அந்தத் தட்டை என்ன செய்யலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனிப்புத் தூக்கலாகத் தெரிந்தால், அன்று இறைச்சி இருக்காதே தவிர மீன் கட்டாயம் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சைவக்காரப் பெண் முன்னால் கெண்டை மீனோடு மாமியார் வயதில் ஓர் அம்மா நின்றால் இனிப்பு தானாகக் குறையும்.

இன்னொன்று, இருவருக்கும் ஒரே திரும்பும் தேதி வைக்காதீர்கள். அபிராமி மார்ச்சில் கிளம்புகிறாள், மத்தேயுஷ் இரண்டு பருவம், ஜூலை வரை இருக்கிறான். போகிறவள் படும் பாடு வேறு, அதே ஊரில் அதே தெருவில் தங்கிவிடுகிறவன் படும் பாடு வேறு. இரண்டையும் எழுத இடம் கிடைக்கும்.

இரண்டாம் படி: தலைநகரை விடுங்கள்

பாரிஸ், லண்டன், பெர்லின் எல்லாம் வாசகர் திரைப்படத்தில் பார்த்துச் சலித்த ஊர்கள். அங்கே இரண்டு பேர் தற்செயலாக மூன்று தடவை சந்தித்தால் நம்ப மாட்டார்கள். டியூபிங்கன் சுமார் 90,000 பேர் வாழும் ஊர், மூன்றில் ஒருவரோ என்று எண்ணும் அளவுக்கு மாணவர் கூட்டம். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஊரோடு கலந்து கிடக்கிறது. எல்லோரும் கடக்கும் ஒரு பாலம், எல்லோரும் கூடும் ஒரு சந்தைத் திடல், ஆற்றோரமாக எல்லோரும் உட்காரும் ஒரு மதில். யாரையாவது தவிர்க்க நினைத்தாலும் முடியாது. சண்டைக்குப் பிறகான அத்தியாயத்துக்கு இது பெரிய உதவி.

ஊரின் பார்வையிடங்களை எழுதக் கூடாது என்பதில்லை. நாயகியின் கண் வழியாக எழுதுங்கள், அவ்வளவுதான். டியூபிங்கனில் மலைமேல் ஒரு கோட்டை இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அது அழகான கோட்டை. உயிர்வேதியியல் படிக்கிற அபிராமிக்கு? 1869-இல் ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்ற இளம் மருத்துவர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னால் டிஎன்ஏ என்று உலகம் அறிந்தது அதைத்தான். அந்த ஆய்வகம் இருந்தது இதே கோட்டையின் பழைய சமையலறையில். பார்க்கப் போன முதல் நாளே சீழைப் பற்றி உற்சாகமாகப் பேசும் பெண்ணை வாசகர் மறக்க மாட்டார். மத்தேயுஷும் மறக்க மாட்டான். அவன் வரலாற்று மாணவன் என்பதால் அவன் பங்குக்கு, கவிஞர் ஹோல்டர்லின் மனநலம் குன்றி 1807 முதல் 1843 வரை அடைந்து கிடந்த ஆற்றங்கரைக் கோபுரத்தைக் காட்டலாம். அல்லது ஜெர்மன் மகாகவி கதேயின் நினைவாக ‘கதே இங்கே வசித்தார்’ என்று இருக்கும் பலகைக்குப் பக்கத்து வீட்டில் ‘கதே இங்கே வாந்தி எடுத்தார்’ என்று மாட்டியிருக்கும் பலகையைக் காட்டலாம். இரண்டாவது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் படி: காகிதங்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்

புதிதாக எழுதுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். விசா வந்தது, விமானம் ஏறினாள், அடுத்த வரி. பெரிய நஷ்டம் அது. நிஜத்தில் இந்தக் கதையின் பாதி அழுத்தம் காகிதத்தில்தான் இருக்கிறது.

அபிராமி ஜெர்மனியில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறாள், எனவே நீண்டகால விசா வேண்டும். உதவித்தொகையோ பொறுப்பேற்பவரோ இல்லாவிட்டால், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து முன்கூட்டியே தொகையைப் போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது மாதத்துக்கு 992 யூரோ. உங்கள் கதை நடக்கும் ஆண்டில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் அவளுடையதுதான், ஆனால் மாதாமாதம் அந்த அளவுதான் கைக்கு வரும். இந்த ஒரு விதியிலேயே ஒரு குடும்பம் தெரிந்துவிடும். அப்பா எந்த நகையை வைத்தார், சித்தப்பாவிடம் எவ்வளவு கேட்டார், யார் என்ன சொல்லிக்காட்டினார்.

மத்தேயுஷ் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமகன். அவனுக்கு விசா இல்லை, முடக்கிய கணக்கு இல்லை. 1987-இல் தொடங்கிய எராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் உதவித்தொகை வாங்கிக்கொண்டு முதுகுப் பையோடு பேருந்தில் வந்து இறங்கியவன். இந்த வித்தியாசத்தை அவன் கவனித்திருக்கவே மாட்டான். அவள் ஒவ்வொரு நாளும் கவனிப்பாள். அவர்களுடைய முதல் உண்மையான சண்டை இங்கேதான் வர வேண்டும் என்பேன். “இன்னும் ஒரு பருவம் நீட்டித்துக்கொள்ளேன், என்ன பெரிய விஷயம்?” என்று அவன் சாதாரணமாகக் கேட்கிறான். கேட்டவன் மேல் தப்பில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

வந்து இறங்கிய பிறகும் காகிதம் ஓயாது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். பதிந்த சில வாரங்களில், வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதோ இல்லையோ, பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்து விழும். புது நாட்டில் தன் பெயர் போட்டு வந்த முதல் கடிதம் என்று ஆசையாகப் பிரிக்கிறாள் அபிராமி. பிரித்தால் கட்டணச் சீட்டு.

நான்காம் படி: வீட்டைச் சரியாக அமையுங்கள்

பகிர்ந்து தங்கும் வீடு என்றால் ஆளுக்கு ஓர் அறை, பொதுச் சமையலறை, குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. டியூபிங்கன் இருப்பது ஷ்வாபியப் பகுதியில். அங்கே பல வீடுகளில் இன்னும் ‘கேர்வோஹெ’ என்ற பழக்கம் உண்டு. படிக்கட்டையும் வாசலையும் பெருக்கும் முறை வாரம் ஒரு குடித்தனத்துக்கு வரும். யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். பனி பெய்தால் நடைபாதைப் பனியை ஒதுக்குவதும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. நம் ஊர் வாசல் தெளிக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு எளிதாகப் பழகும், அந்த வீட்டின் கீழ்த்தளத்துப் பாட்டியோடு எப்படி ஒரு நட்பு வரும் என்று யோசித்துப் பாருங்கள். காதல் நாவலில் காதலர்கள் மட்டும் இருந்தால் மூச்சு முட்டும். வாசகருக்குக் காற்று வாங்க இந்தப் பாட்டி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை அரிசி வாங்க மறந்தால் திங்கள் வரை ரொட்டிதான். சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதாதீர்கள். சாம்பார்ப் பொடிக்கு ஏங்கும் நாயகியை வாசகர் நிறையப் பார்த்துவிட்டார்.

ஐந்தாம் படி: பையனை வழிகாட்டி ஆக்காதீர்கள்

உள்ளூர்க்காரப் பையனை நாயகனாக்கினால் அவன் வேலை ஊரைச் சுற்றிக்காட்டுவதாகிவிடும். அவளுக்கு வியப்பதே வேலை. அதனால்தான் மத்தேயுஷையும் வெளியூர்க்காரனாக வைத்தேன். இருவருக்குமே ஊர் புதிது, மொழி தடுமாறுகிறது, இருவருமே பேருந்தைத் தவறவிடுகிறார்கள். இது கற்பனைக்கு வசதி என்பதால் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எராஸ்முஸில் போய்வந்தவர்களில் 27 சதவீதம் பேர் தங்கள் நீண்டகாலத் துணையை வெளிநாட்டுப் படிப்பின்போதுதான் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். அத்தகைய ஜோடிகளுக்கு 1987-க்குப் பிறகு சுமார் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்றும் ஆணையம் கணக்கிட்டது.

அவனுக்கும் சொந்தமாக ஒரு பிரச்சினை கொடுங்கள், அதற்கும் அபிராமிக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. படிப்பை விட நினைக்கிறான், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை, எதுவாகவும் இருக்கலாம். நாயகி வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்த பையனை யாரும் காதலிக்க மாட்டார்கள்.

வயதையும் இருபது ஒட்டியே வையுங்கள். பள்ளி மாணவர் பரிமாற்றம் என்றால் விருந்தோம்பும் குடும்பம், பொறுப்பாளர், கண்டிப்பான விதிகள் என்று கதை வேறு பக்கம் போகும், காதலையும் வேறு மாதிரி எழுத வேண்டிவரும்.

ஆறாம் படி: சந்திப்பை ஊர் வழக்கத்திடம் விட்டுவிடுங்கள்

இடித்துக்கொள்வது, புத்தகங்கள் சிதறுவது, காபி கொட்டுவது எல்லாம் வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று லத்தீன் சுருக்கம் போட்டிருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும். பத்து மணி என்றால் பத்தேகால். புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது. அப்படியானால் காட்சி இப்படி வரலாம்:

*பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அபிராமி உள்ளே போய்விட்டாள். நூறு பேர் உட்காரும் அறையில் யாரும் இல்லை. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். மணி பத்து. யாரும் வரவில்லை. பத்து மூன்று. அவள் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அறை எண் சரி, கிழமை சரி.*

*“வகுப்பை ரத்து செய்துவிட்டார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.*

*“உன்னிடம் கேட்கலாம் என்று நானும் காத்திருந்தேன்,” என்றான். “வகுப்பு நிச்சயம் நடக்கும் என்பது போல நீ நடந்து வந்தாய்.”*

*பத்து பன்னிரண்டுக்குக் கதவு திறந்து மொத்தக் கூட்டமும் உள்ளே வந்தது. ஒருவர் முகத்திலும் தாமதமாக வந்த பதற்றம் இல்லை. அவன் அவளைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். மீதி ஆப்பிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தான்.*

விதி எதையும் விளக்காமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘சி.டி.’ என்றால் என்ன என்று அடுத்த அத்தியாயத்தில் யாராவது சிரித்துக்கொண்டே சொல்லட்டும்.

ஏழாம் படி: பேச்சு

இதில்தான் தமிழ் நாவல்கள் அதிகம் சறுக்குகின்றன. இருவரும் பேசுவது இரண்டாம் மொழி ஆங்கிலமும் அரைகுறை ஜெர்மனும். அதைத் தமிழில் எழுதும்போது, “ஓ, அன்பே! நீ எவ்வளவு அற்புதமானவள்!” என்று டப்பிங் படக் குரல் வந்துவிடுகிறது. அல்லது மத்தேயுஷ் திடீரென்று கோவைக்காரன் மாதிரிப் பேசுகிறான்.

நான் பரிந்துரைப்பது: மத்தேயுஷின் பேச்சைச் சின்னச் சின்ன வாக்கியமாக, அலங்காரம் இல்லாத எழுத்துத் தமிழில் வையுங்கள். கொச்சை வேண்டாம், பிழையான தமிழும் வேண்டாம். தடுமாற்றத்தைக் காட்ட அவன் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுக் கையால் காட்டட்டும். வட்டார வழக்கை அம்மாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். “சாப்டியா அம்மணி? குளுருக்குக் காதுக்குக் கட்டிக்கோ” என்று தொலைபேசியில் வரும் ஒரு வரிக்கு அப்போதுதான் எடை இருக்கும். அபிராமி ஊரோடு பேசும்போது ஒரு குரல், மத்தேயுஷோடு இன்னொரு குரல். அவளுக்கே அது உறுத்தத் தொடங்கும் இடம் நல்ல அத்தியாயம்.

நம் காதல் கதைகளில் ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறும் கணத்தை நெருக்கத்துக்கு அடையாளமாக வைப்போம். இங்கே அது உதவாது, மாணவர்கள் முதல் நாளிலிருந்தே நீ, நான்தான். வேறு அடையாளம் தேடுங்கள். தொடக்கத்தில் அவன் அவளுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுகிறான். ஒரு நாள் வேகமாகப் பேசத் தொடங்கிவிடுகிறான், அவளுக்கும் புரிந்துவிடுகிறது. கதைசொல்லி அதைச் சுட்டிக்காட்டாமல் கடந்து போகட்டும்.

எட்டாம் படி: வீட்டுக்குப் போகும் அழைப்பு

கோடை நேரத்தில் ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்ததும் நாலரை ஆகிவிடும். அபிராமி தினமும் மாலை ஐந்து மணிக்கு அழைக்கிறாள், வீட்டில் எட்டரை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அதே ஐந்து மணி வீட்டில் ஒன்பதரை. காலை ஷிஃப்டுக்குப் போகிற அப்பா அதற்குள் படுத்துவிடுகிறார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அப்பாவோடு பேசுவது மட்டும் குறைந்துபோகிறது. காதலை வீட்டில் சொல்லும் காட்சிக்கு முன் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் அந்தக் காட்சி வலுப்படும். பெற்றோரை வெறும் தடையாக எழுதாமல் தப்பிக்கவும் வழி.

ஒன்பதாம் படி: முடிவு

கல்யாணத்தில் முடிக்காதீர்கள். இருபது வயதுக்காரர்களின் நான்கு மாதக் காதல் அது. இளையோர் நாவல் வாசகர், இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் ஏற்பார், நல்லபடியாகப் பிரிந்தார்கள் என்பதையும் ஏற்பார். கடைசிப் பக்கத்தில் விபத்து, மறதி நோய், திடீர் வேலை உத்தரவு ஆகியவற்றை ஏற்க மாட்டார்.

கிளம்பும் வாரத்தை விரிவாக எழுதுங்கள். அறையை ஒப்படைக்க வேண்டும், சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளைப் பசை வைத்து அடைக்க வேண்டும், முன்பணம் திரும்ப வர வேண்டும். எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்பதை விமானத்தின் எடைக் கட்டுப்பாடு முடிவு செய்யும். விமான நிலையக் கண்ணீரைவிட இங்கே உங்களுக்கு வேலை அதிகம்.

திரும்பி வருவாளா என்ற கேள்விக்கு நிஜமான விலை வையுங்கள். டியூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ கட்டணம் வாங்குகிறது. பரிமாற்ற ஒப்பந்தத்தில் வந்ததால் அபிராமிக்கு அது விலக்கு. முதுகலைக்குத் தானாக விண்ணப்பித்தால் விலக்குக் கிடைப்பது எளிதில்லை. முடக்கிய கணக்கும் மறுபடி வேண்டும், இந்த முறை முழு ஆண்டுக்கு. அவள் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறாள் என்பது வரை போனாலே போதும்.

கடைசியாக, சரிபார்ப்பு

முதல் வரைவு முடிந்ததும் கதையை மறந்துவிட்டுத் தேதிகளை மட்டும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது பல்பொருள் கடையில் பால் வாங்குகிறார்களா? ஜனவரி மாலை ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறதா? பிப்ரவரியில் படகுப் போட்டி நடக்கிறதா? நவம்பரில் அம்மாவோடு பேசும்போது வித்தியாசம் மூன்றரை மணி என்று போட்டிருக்கிறதா? அப்புறம் அந்த நாட்டில் ஒரு பருவமாவது படித்துவந்தவர் ஒருவரிடம் காகித வேலைகள் வரும் அத்தியாயங்களைக் கொடுங்கள். காதல் அத்தியாயங்களை அவரிடம் கொடுக்காதீர்கள், தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அவற்றைப் படிக்க, இருபது வயதில் ஜெர்மனியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் வேண்டும்.

வெளியிடும் வழிகள் தெரிந்தவைதான். பிரதிலிபி இணையதளத்தில் தொடராகப் போட்டால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கருத்து வரும், கிண்டிலில் முழு நூலாகப் போடலாம். தொடராக எழுதுவதாக இருந்தால் கிறிஸ்துமஸ் அத்தியாயம்வரை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டே முதல் அத்தியாயத்தை வெளியிடுங்கள். வாசகர்கள் “சீக்கிரம் சேர்த்து வையுங்கள்” என்று கேட்கத் தொடங்கிவிட்டால், திரும்பும் தேதியைத் தள்ளிப்போட உங்களுக்கே கை துறுதுறுக்கும்.